கணக்கு வாத்தியாருக்கு ஒரு கல்வெட்டு

கணிதம் படித்த இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் பேச்சு எப்படியும் ஒரு வாத்தியாரிடம் போய் நிற்கும். படித்த தேற்றங்களில் பாதி மறந்திருக்கும். எந்த செமஸ்டரில் அரியர் வைத்தோம் என்பதுகூட மறந்திருக்கும். ஆனால், “அவர் கிளாஸ் இருக்கே...” என்று ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர் முகம் மலர்ந்துவிடும். போர்டில் எழுதியதை அழிக்க மனம் வராமல் ஓரங்களில் இடம் தேடி எழுதியது, மணி அடித்த பிறகும் வராந்தாவில் நின்று மிச்சக் கணக்கை முடித்துக்கொடுத்தது, சட்டைக் கை முழுக்கச் சாக்பீஸ் தூளோடு டீக்கடைக்கு வந்தது என்று மாறி மாறிச் சொல்லிக்கொள்வார்கள். பிரம்மதேசத்திலிருந்தும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் பஸ் ஏறி விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள அரசுக் கலைக் கல்லூரிகளில் பி.எஸ்சி. மேத்ஸ் படித்தவர்களிடம் இந்தப் பேச்சை நிறையவே கேட்டிருக்கிறேன். இவ்வளவு பெரிய நன்றி வெறும் பேச்சோடு நின்றுவிடுகிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

எல்லாப் பாடத்துக்கும் நல்ல ஆசிரியர் வேண்டும்தான். கணிதத்துக்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்று கேட்கலாம். வரலாற்றையோ இலக்கியத்தையோ ஒரு மாணவர் சுமாரான ஆசிரியரிடம் படித்தாலும், நூலகத்தில் உட்கார்ந்து ஓரளவு ஈடுகட்டிவிட முடியும். கணிதத்தில் ஒரு படி விட்டுப்போனால் அடுத்த படியில் கால் வைக்கவே முடியாது. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு, கல்லூரியில் முதல் வாரமே எல்லாம் ஆங்கிலமாக மாறிவிடுகிறது. வீட்டில் கேட்க ஆளில்லை. அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் பெரும்பாலும் அவர்தான். கைடு வாங்கி, தேற்றத்தைச் செய்யுள் போல மனப்பாடம் செய்து, தேர்வில் அப்படியே இறக்கி வைத்துவிட்டுப் பட்டம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்குக் கணிதத்தை யாரும் காட்டவேயில்லை.

உற்சாகமான வாத்தியார் இந்த இடத்தில்தான் வேலையைத் தொடங்குகிறார். முதலாண்டு வகுப்பில் ஒரு மாணவி √(a+b) என்பதை √a + √b என்று பிரித்து எழுதிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடா வருடம், எல்லாக் கல்லூரிகளிலும் யாராவது ஒருவர் செய்கிற தவறு இது. சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போகிறவர் உண்டு. “இது கூடத் தெரியாமலா பிளஸ் டூ பாஸ் செய்தாய்?” என்று கேட்கிறவரும் உண்டு. நல்லவர் என்ன செய்வார்? “சரி, a-க்கு 9, b-க்கு 16 போட்டுப் பாரும்மா” என்பார். இரண்டையும் கூட்டி மூலம் எடுத்தால் 5. தனித்தனியாக எடுத்துக் கூட்டினால் 3-ம் 4-ம் சேர்ந்து 7. மாணவியே தன் தவறைப் பிடித்துவிடுகிறார். அதோடு விடாமல், “எந்த எண்களுக்கு நீ எழுதியது சரியாக வரும்?” என்று அடுத்த கேள்வியைப் போடுவார். இரண்டில் ஒன்று பூச்சியமாக இருந்தால் மட்டுமே வரும் என்று அந்தப் பெண் தானாகவே கண்டுபிடிக்கிற நிமிடத்தில் வகுப்பின் காற்றே மாறிவிடும். தவறு செய்ததற்காகத் தலை குனிய வேண்டியதில்லை, தவறு ஒரு கேள்வியின் ஆரம்பம் என்று நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தில் புரிகிறது. அந்த மாணவி இருபது வருடம் கழித்தும் இதைச் சொல்வார்.

தமிழ்நாட்டில் இப்படி மாணவர்களால் நினைக்கப்படுகிற கல்லூரிக் கணித ஆசிரியர்களில் முதன்மையானவர் அருட்தந்தை சார்லஸ் ராசின். பிரான்சில் 1897-இல் பிறந்த இயேசு சபைத் துறவி. பாரிஸில் எலி கார்த்தான் என்ற மாபெரும் வடிவியல் மேதையிடம் ஆய்வு செய்து 1934-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1937-இல் இந்தியா வந்தார். முதலில் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இருந்தார். 1939-இல் சென்னை லயோலா கல்லூரிக்கு வந்து, 1967-இல் ஓய்வு பெறும் வரை அங்கேயே கற்பித்தார். 1976-இல் மறைந்தார்.

இவரது வரலாறு இவ்வளவுதான் என்றால் கட்டுரையில் இடம் பெற வேண்டிய அவசியமில்லை. அவர் வந்த நேரத்தில் சென்னையின் கணிதம் கேம்பிரிட்ஜ் வழியில் வந்த கணிதம். அதில் பெரிய ஆட்கள் இருந்தார்கள். மாநிலக் கல்லூரியில் ஹார்டியின் மாணவரான கே. ஆனந்தராவ் இருந்தார். ஆனால், அந்தக் காலத்தில் பாரிஸிலும் ஜெர்மனியிலும் கணிதம் வேறொரு திசையில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆந்திரே வெய், ஆன்றி கார்த்தான் போன்றவர்கள் கணிதத்தின் அடித்தளத்தையே புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ராசின் அவர்களை நேரில் அறிந்தவர். அந்தப் புதுக் கணிதத்தை நுங்கம்பாக்கத்தில் ஒரு வகுப்பறைக்குக் கொண்டுவந்து, பி.ஏ. ஆனர்ஸ் படிக்கிற இருபது வயதுப் பிள்ளைகளின் முன்னால் வைத்தார். பாடத்திட்டம் அதைக் கேட்கவில்லை. தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் கிடையாது.

அந்த வகுப்பில் இருந்தவர்களைப் பாருங்கள். அந்நாள் வடார்க்காட்டுப் பக்கம், தண்டரை என்ற கிராமத்தில் 1932-இல் பிறந்து, கிராமப்புறப் பள்ளிகளில் படித்துவிட்டு வந்தவர் எம்.எஸ். நரசிம்மன். அதே ஆண்டு காஞ்சிபுரத்தில் பிறந்து, செங்கல்பட்டில் வளர்ந்தவர் சி.எஸ். சேஷாத்ரி. இருவரும் 1953-இல் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்கள். தன் நல்ல மாணவர்களை அந்த நிறுவனத்தை நோக்கித் தள்ளிவிட்டவர் ராசின். 1965-இல் அந்த இருவரும் சேர்ந்து நிறுவிய ‘நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம்’ இன்று உலகில் வடிவியல் படிக்கும் எல்லோருக்கும் தெரிந்த பெயர். இயற்பியலாளர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். இவர்களுக்குப் பின்னால் லயோலாவிலிருந்து ராகவன் நரசிம்மனும், சி.பி. ராமானுஜமும் அதே வழியில் போனார்கள். செங்கல்பட்டுப் பையனாக வந்த சேஷாத்ரிதான் 1989-இல் ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கி, அதைச் சென்னைக் கணிதக் கழகமாக வளர்த்து, சிறுசேரியில் நிலைநிறுத்தினார். ஆராய்ச்சி செய்கிறவர்களே இளநிலை மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் உயிரான கொள்கை.

இந்தச் சங்கிலியை நாம் அறிந்திருப்பதே மாணவர்கள் சொன்னதால்தான். சேஷாத்ரி தன்னை உருவாக்கியவர்கள் என்று இரண்டு பேரைச் சொல்வார்: ஒருவர் ராசின், இன்னொருவர் அதே கல்லூரியில் கற்பித்த எஸ். நாராயணன். ராசினையாவது உலகம் அறியும். மாணவர் வாயால் சொல்லாமல் போயிருந்தால், நாராயணன் என்ற கணித ஆசிரியரின் பெயர் லயோலாவின் பழைய வருகைப் பதிவேட்டைத் தாண்டி வந்திருக்காது. எத்தனை நாராயணன்கள் அப்படி வராமல் போனார்களோ என்று யோசித்தால் மனம் சங்கடப்படுகிறது.

மாணவர் பாராட்டு என்றதும் சிலர் முகம் சுளிப்பதுண்டு. கலகலப்பாகப் பேசுகிறவர், மதிப்பெண்ணைத் தாராளமாகப் போடுகிறவர், இவர்களைத்தானே பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பார்கள். செமஸ்டர் கடைசியில் நிரப்புகிற கருத்துப் படிவத்துக்கு அது பொருந்தலாம். பத்து வருடம் கழித்து வருகிற நன்றிக்குப் பொருந்தாது. ஜோக் சொன்னவரைப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். தன் பாடத்தின் மீது உண்மையான பித்து கொண்டவரை மறப்பதில்லை. ஏற்கெனவே நூறு தடவை நிரூபித்த தேற்றத்தை, இன்றைக்குத்தான் கண்டுபிடித்தவர் போல நிரூபிக்கிற ஆசிரியரைப் பார்க்கும் மாணவருக்கு, ‘இதில் ஏதோ இருக்கிறது’ என்று தோன்றிவிடும். அந்த எண்ணம் வந்துவிட்டால் மிச்சத்தை அவரே படித்துக்கொள்வார். கணிதத்தில் உற்சாகத்தை நடிக்க முடியாது. மூன்றாவது வரியில் சாயம் வெளுத்துவிடும்.

இந்த விஷயத்தில் எங்கள் விழுப்புரத்துக்கு ஒரு பழைய சொந்தம் உண்டு. 1910-இல் கும்பகோணத்திலிருந்து ரயிலில் வந்து, விழுப்புரத்தில் வண்டி மாறி, திருக்கோவிலூருக்குப் போனார் ஓர் இளைஞர். எஃப்.ஏ. தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றவர், வேலை இல்லை, கையில் சில நோட்டுப் புத்தகங்கள் மட்டும். திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயரைப் பார்த்து, ஒரு குமாஸ்தா வேலை கேட்பது அவர் எண்ணம். 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அந்த ராமசாமி ஐயர். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். வருவாய்த் துறையின் கடைசிப் படியில் ஒரு வேலையைக் கொடுத்து இந்த மேதைமையை நசுக்க மனமில்லை என்று பின்னாளில் சொன்னார். வேலைக்குப் பதிலாக ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். கடிதம் போய்ச் சேர்ந்த இடம் ஒரு கணித ஆசிரியர்: கும்பகோணத்தில் அந்த இளைஞருக்கு முன்பே பாடம் நடத்திய பி.வி. சேஷு ஐயர். அவர் வழியாக நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவ், பிறகு துறைமுகக் கழகம், பிறகு கேம்பிரிட்ஜ். சீனிவாச ராமானுஜன் கதையில் ஹார்டியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். ராமானுஜன் மறைந்த பிறகு 1927-இல் வெளிவந்த அவரது ஆய்வுக் கட்டுரைத் தொகுப்பின் பதிப்பாசிரியர்களில் ஹார்டியோடு சேஷு ஐயரும் ஒருவர் என்பது பலருக்குத் தெரியாது. மாணவர் புத்தகத்தின் முகப்பில் கும்பகோணத்துக் கணக்கு வாத்தியாரின் பெயர் இருக்கிறது.

ராமசாமி ஐயர் தொடங்கிய கழகத்தின் இதழில் 1911-இல் ராமானுஜன் ஒரு புதிர் போட்டார். √(1+2√(1+3√(1+4√(1+…)))) என்று முடிவே இல்லாமல் உள்ளே உள்ளே போகிற வர்க்கமூலத்தின் மதிப்பு என்ன என்பது கேள்வி. மூன்று இதழ்கள் வந்தும் யாரிடமிருந்தும் விடை வரவில்லை. கடைசியில் அவரே சொன்னார். விடை 3. பிளஸ் டூ தெரிந்தவருக்கு இதை ஐந்து நிமிடத்தில் காட்டலாம். 3 என்பது √9. அந்த 9-ஐ 1+8 என்று பிரித்து, 8-ஐ 2×4 என்று எழுதுங்கள். அதில் வருகிற 4 என்பது √16. அந்த 16 என்பது 1+15, அதாவது 1+3×5. அந்த 5 என்பது √25. அது 1+4×6-இன் மூலம். இப்படியே போய்க்கொண்டிருந்தால் ராமானுஜனின் கோவை கண் முன்னால் விரிந்துவிடும். ஆனால், இதோடு நிரூபணம் முடியவில்லை. முடிவில்லாமல் போகிற ஒன்று உண்மையிலேயே 3-இல் போய் நிற்கிறதா என்று காட்ட வேண்டும். அதற்குத்தான் பி.எஸ்சி.யில் எல்லோரையும் மிரட்டுகிற ரியல் அனாலிசிஸ் தேவைப்படுகிறது. ‘எல்லை’ என்ற கருத்தை வரையறையிலிருந்து ஆரம்பித்தால் தூக்கம் வரும். இந்தப் புதிரிலிருந்து ஆரம்பித்தால் மாணவரே, “சார், அது 3-க்குத்தான் போகுதுன்னு எப்படிச் சொல்றது?” என்று கேட்பார். அந்தக் கேள்வியை மாணவரைக் கேட்க வைப்பதுதான் ஆசிரியரின் வித்தை.

நன்றியைச் செயலில் காட்டிய ஒரு மாணவரையும் சொல்ல வேண்டும். பாகிஸ்தானைச் சேர்ந்த அப்துஸ் சலாம் 1979-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். லாகூரில் தனக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்த அனிலேந்திர கங்குலி எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடித்துத் தரும்படி இந்திய அரசைக் கேட்டார். பிரிவினையில் கங்குலி இந்தியாவுக்கு வந்துவிட்டிருந்தார். கல்கத்தாவில் இருப்பது தெரிந்ததும், 1981-இல் சலாம் அவர் வீட்டுக்கே போனார். முதுமையில் தளர்ந்து படுத்திருந்த ஆசிரியரிடம் நோபல் பதக்கத்தைக் கொடுத்து, இது நீங்கள் ஊட்டிய கணிதப் பற்றுக்குக் கிடைத்தது என்றார். ஒரு பாகிஸ்தானிய முஸ்லிம் மாணவரும் ஓர் இந்திய இந்து ஆசிரியரும். நடுவில் ஒரு பிரிவினையும் மூன்று போர்களும் போயிருந்தன. கணக்கு வாத்தியாருக்கும் மாணவருக்கும் இடையிலான உறவை அவற்றால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்குகிறது.

சரி, உற்சாகம் என்பது தனி ஆளின் குணம்; அரசு என்ன செய்ய முடியும், சமூகம் என்ன செய்ய முடியும் என்று கேட்டால், என் பதிலை எங்கள் பக்கத்துக் கல்வெட்டே சொல்லும். பிரம்மதேசத்துக்கு அருகே இருக்கும் எண்ணாயிரத்தில், முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று ஒரு கல்லூரியைப் பற்றிப் பேசுகிறது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். கீழ்நிலை மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். மேல்நிலை மாணவருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி. இதற்காக 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே சொல்லிக்கொடுத்தது வேதமும் வியாகரணமும் மீமாம்சையும் வேதாந்தமும். எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கவில்லை. அதைப் பெருமையாகப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால், ஆசிரியரின் சோற்றுக்கு வழி செய்யாமல் கல்வி நடக்காது என்பதை ஆயிரம் வருடத்துக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்பது உண்மை.

இன்று கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. இந்த மண்ணில் நடந்த மிகப் பெரிய மாற்றம் அதுதான். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய், அடுத்து பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லாத பயணம் என்று பிள்ளைகளைக் கல்லூரி வாசல் வரை அரசு கொண்டுவந்து சேர்த்துவிட்டது. வாசலுக்கு உள்ளே, போர்டுக்கு முன்னால் நிற்பது யார்? தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். பல துறைகள் அவர்கள் தோளில்தான் ஓடுகின்றன. அண்மை ஆண்டுகளில் அவர்கள் பெற்றுவந்தது மாதம் 25,000 ரூபாய். அதுவும் வருடத்துக்குப் பதினோரு மாதம். மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே சொல்லிவிட்டது. முனைவர் பட்டமும் தகுதித் தேர்வும் முடித்தவர், மே மாதம் வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது என்ற கவலையோடு வகுப்புக்கு வருகிறார். அப்படியிருந்தும் சாக்பீஸைக் கையில் எடுத்ததும் அந்தக் கவலையை மறந்து பாடம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் கொண்டாடும் ஆசிரியர்களில் பலர் இவர்கள்தான் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உதவிப் பேராசிரியர் பணியிடங்கள் 4,000-த்துக்கு 2024 மார்ச்சில் அறிவிக்கை வந்தது, தேர்வு தள்ளிப்போனது. அந்தத் தாமதத்தில் எத்தனை பேர் மனம் வெறுத்துக் கோச்சிங் சென்டருக்குப் போனார்கள் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

ராசின் லயோலாவில் ஏறத்தாழ முப்பது வருடம் இருந்தார். அதனால்தான் நரசிம்மனுக்குப் பிறகு ராமானுஜம், அவருக்குப் பிறகு இன்னொருவர் என்று ஒரு வரிசை உருவானது. அடுத்த ஜூனில் தான் இங்கே இருப்போமா என்று தெரியாத ஆசிரியரிடம், “இந்தப் பையனை ஐந்து வருடம் கவனித்து ஆராய்ச்சிக்கு அனுப்புங்கள்” என்று எப்படிக் கேட்பது? உற்சாகத்தை யாரும் ஆணை போட்டு வரவழைக்க முடியாது. வந்த உற்சாகத்தை வறுமையாலும் நிச்சயமின்மையாலும் கொல்லாமல் இருக்க முடியும். நிரந்தரப் பணியிடங்களை நிரப்புவதும், அதுவரை கௌரவ விரிவுரையாளர்களுக்குப் பன்னிரண்டு மாதமும் முறையான ஊதியம் தருவதும் அரசு உடனே செய்ய வேண்டிய வேலை. அவர்களது அனுபவத்துக்கு நியமனத்தில் நியாயமான மதிப்பும் வேண்டும்.

மாணவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்த நாளை, தேசியக் கணித நாளாகக் கல்லூரிகளில் கொண்டாடுகிறார்கள். கோலப் போட்டி, வினாடி வினா, சிறப்பு விருந்தினர் பேச்சு, பொன்னாடை எல்லாம் நடக்கிறது. அன்றைக்கு முன்னாள் மாணவர்களை அழைத்து, தங்களுக்குக் கணிதம் கற்பித்தவர் எதை, எப்படிக் கற்பித்தார் என்று எழுதித்தரச் சொல்லுங்கள். “நல்லவர், வல்லவர், தங்கமானவர்” என்று எழுதினால் பயனில்லை. எந்தக் கணக்கை எந்த இடத்திலிருந்து தொடங்கினார், தவறான விடையைப் பார்த்து என்ன கேட்டார், புரியாதபோது தமிழில் எந்தச் சொல்லால் விளக்கினார் என்று விவரமாக எழுதுங்கள். அதைத் துறை நூலகத்தில் வைத்தால் புதிதாக வரும் ஆசிரியருக்கு அதைவிட நல்ல பயிற்சிக் கையேடு கிடைக்காது. சேஷாத்ரி சொன்னதால் நாராயணனை அறிந்தோம். விழுப்புரத்து, திண்டிவனத்து நாராயணன்களை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு அப்படி ஒரு கணக்கு வாத்தியார் இருந்தால், அவர் ஓய்வு பெற்று எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரியுங்கள். போன் நம்பர் கிடைத்தால் இன்றைக்கே பேசுங்கள். முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள்.